நான் பிழையாக நிரப்பிய விண்ணப்பம்

மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சிறிய கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், பாஸ்போட் படம், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்களின் விண்ணப்பங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள், பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை உள்ளவர்கள், பரீட்சைப் பெறுபேறு பார்க்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். அந்தப் பிள்ளை வந்து கேட்ட விண்ணப்பத்தை மட்டும் அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாதி மாதம், வெயில் கொளுத்திய மத்தியானம். புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, இஞ்ச ஒன்லைன்ல போம் நிரப்பித் தருவீங்களா?"

"ஓம். என்ன போம்? பாஸ்போட்டா?"

"இல்லக்கா. கடலைப் பத்திப் படிக்கிற பயிற்சி. வானிலை எண்டாலும் சரி. அது எங்க இரிக்கெண்டு எனக்கும் தெரியா. முதல்ல அதத்தான் தேடணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்ப வந்த முதல் ஆள் அவள்தான். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் களுவாஞ்சிக்குடி. தகப்பனுக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வட்டை, அதாவது நெல்வயல், இருந்தது. விதைப்புத் தொடங்கினால் வயலிலேயே கிடப்பார். தாய், வீட்டில் இருந்தே துணி தைத்துக் கொடுப்பவர். பட்டம் முடிய முன் எல்லோரும் எங்காவது உள்ளகப் பயிற்சி செய்தாக வேண்டுமாம். கூடப் படித்தவர்கள் வங்கி, கணினி நிறுவனம் என்று இடம் பிடித்துவிட்டார்கள். இவள் கடலையும் வானிலையையும் விட்டு வேறெதையும் யோசிக்க மாட்டேன் என்று நின்றாள். அவளுடைய போனின் திரை பாதி கறுத்துப் போயிருந்தது. அதில் நீளமான பக்கங்களை வாசிக்க முடியாமல்தான் என் கணினியைத் தேடி வந்திருந்தாள்.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், விரிவுரை முடிந்து ஊருக்குப் பஸ் ஏறுமுன் கடைக்கு வந்துவிடுவாள். இருவரும் சேர்ந்து தேடுவோம். தேடத் தேடத்தான் அது எவ்வளவு பெரிய காடு என்று புரிந்தது. ஒன்று அந்த நாட்டுப் பிரசைகளுக்கு மட்டும். ஒன்று பட்டம் முடித்தவர்களுக்கு. ஒன்று எல்லாம் சரியாக இருக்கும், கடைசித் திகதி முந்தின கிழமையோடு முடிந்திருக்கும். இன்னொன்றில் பயிற்சி இலவசம், விமானச் சீட்டையும் தங்குமிடத்தையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதை வாசித்தவுடன் அவள் அந்தப் பக்கத்தை மூடிவிடுவாள். நேராக மின்னஞ்சல் எழுதியும் பார்த்தோம். கடலாய்வு செய்கிற பேராசிரியர்களின் முகவரிகளைத் தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். ஒருவர் மட்டும் வாழ்த்துச் சொல்லி இரண்டு வரி அனுப்பினார். மற்றவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை.

அவள் வராத நாட்களிலும் நான் தேடத் தொடங்கியிருந்தேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். ஏன் அப்படி ஈடுபட்டேன் என்று என்னையே கேட்டதுண்டு. நானும் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். என் ஊர் தன்னாமுனை. தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் கிடைத்தது. அது சண்டை நடந்த காலம். போகிற வழியில் எங்கே இறக்குவார்கள், எங்கே மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. "இந்த வருசம் வேணாம் மனே, அடுத்த வருசம் பாப்பம்" என்றார் அப்பா. அடுத்த வருடம் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தேடும்போது ஆசையும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஐப்பசி பிறந்து ஒரு காலை, நான் தனியாக இருக்கும்போது அது கண்ணில் பட்டது. வெளிநாட்டுக் கடலாய்வு நிலையம் ஒன்று. இந்து சமுத்திரத்தைச் சுற்றியுள்ள நாடுகளின் மாணவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி. கப்பலில் சில நாள், கரையில் சில நாள். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பட்டம் முடிக்காதவர்களும் விண்ணப்பிக்கலாம். மூன்று முறை வாசித்தேன், எங்காவது "ஆனால்" என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும் என்று. இல்லை. கடைசித் திகதிக்குப் பத்து நாள் இருந்தது. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, பொய் சொல்லாதிங்க."

"வந்து பாரு."

அடுத்த பஸ்ஸில் வந்து நின்றாள்.

விண்ணப்பத்தில், ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதிக்கொண்டு வந்ததைத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினேன். உலகம் வெப்பமாகிறது, கடல் மனித குலத்தின் எதிர்காலம் என்றெல்லாம் இருந்தது. பாதியில் எனக்குக் கொட்டாவி வந்தது. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வங்கிக்குப் போயிருந்தா ஏசிக்குள்ள இரிக்கலாமே. உனக்கு ஏன் மனே இந்தக் கடல் படிப்பு?"

"மாரியில எங்கட வீட்ட வந்து பாக்கணும் அக்கா. மழைக்கு ஆறு நிரம்பினா அப்பாட வட்டை தண்ணியில தாண்டு போயிரும். முகத்துவாரத்த வெட்டு எண்டு அப்பா நிப்பார். எங்கட அக்காவக் கட்டின அத்தான் ஆத்தில மீன் புடிக்கிறவர். வெட்டினா தண்ணியோட மீனும் இறாலும் கடலுக்குப் போயிரும், வெட்ட வேணாம் எண்டு அவர் நிப்பார். ரெண்டு பேருக்கும் கதை பேச்சு இல்ல. போன மாரி முழுக்க எங்கட அக்கா வீட்டுப் பக்கமே வரல்ல."

எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். அது கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல் மூடிக்கிடக்கும். பெருமழைக் காலத்தில் அந்த மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு வருடமும் இழுபறிதான். அந்த இழுபறி ஒரு வீட்டுக்குள் அக்காவையும் தங்கச்சியையும் பிரித்து வைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"நீ படிச்சு என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"எவ்வளவு மழை வரும், அண்டைக்குக் கடல் எப்படி நிக்கும் எண்டு தெரிஞ்சா, எப்ப வெட்டினா ரெண்டு பேருக்கும் பாதகம் குறைவெண்டு சொல்ல ஏலுமா எண்டு பாக்கணும். ஏலாமலும் போகும். ஆனா பாக்கணும்."

சொல்லிவிட்டு அவளே திரையைப் பார்த்தாள். "அக்கா, இதை அழிங்க. நான் வேற எழுதுறன்" என்றாள்.

அன்று பின்னேரம் வரை உட்கார்ந்து புதிதாக எழுதினாள். அதில் நான் அறியாத இன்னொன்றும் இருந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து, படுவான்கரைக்குத் தோணி போகிற துறையடியில் இருக்கும் தூணில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்திருக்கிறாள். மழை நாள், காற்று நாள், முகத்துவாரம் வெட்டிய நாள் எல்லாம் அதில் இருந்தன. ஆராய்ச்சி அனுபவம் என்று கேட்ட இடத்தில் முதலில் "இல்லை" என்று போட்டிருந்தாள். பிறகு வெட்கத்தோடு அதை மாற்றி, அந்தக் கொப்பியைப் பற்றி நான்கு வரி எழுதினாள்.

மற்ற விவரங்களை நிரப்புவது என் பொறுப்பு. அந்த நேரம் பாஸ்போட் படத்துக்கு இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். பெயர், பிறந்த திகதி, முகவரி என்று மளமளவென்று அடித்தேன். அவள் தன் கட்டுரையை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு அனுப்பச் சொன்னாள். பரிந்துரைக் கடிதத்தை அவளுடைய விரிவுரையாளர் தனியாக, நேரே அந்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மிஸ் சம்மதித்திருந்தார்.

கார்த்திகை நடுப்பகுதியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நனைந்த குடையோடு வந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். உங்கள் பரிந்துரைக் கடிதம் கிடைக்கவில்லை, விண்ணப்பம் முழுமை இல்லாததால் பரிசீலிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது.

"மிஸ் மறந்திட்டாங்க போல" என்றாள்.

"கேட்டுப் பாத்தியா?"

"எப்பிடிக்கா கேக்கிற? அவங்களுக்கு எத்தன வேலை. நான் போய்க் கேட்டாக் குறை சொல்ற மாதிரி இரிக்கும்." குடையை மடக்கிக்கொண்டு, "விடுங்க அக்கா. உங்களுக்கும் கரைச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை போல இருந்திருக்கும்.

அடுத்த நாள் முற்பகல் மழையில் கடைக்கு யாரும் வரவில்லை. அவளுடைய விண்ணப்பத்தின் பிரதியைத் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். விண்ணப்பத்திலோ முதற்பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. முதற்பெயர் என்றால் அவர்கள் கேட்பது சொந்தப் பெயரை. நூற்றுக்கணக்கான விண்ணப்பம் நிரப்பிய எனக்கு அது தெரியாததல்ல. அன்று அவசரத்தில் முன்னால் வருகிற தகப்பன் பெயரை முதற்பெயராகப் போட்டு, பிள்ளையின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, தகப்பன் பெயரின் எழுத்துக்களிலும் ஒன்றை விட்டிருந்தேன். மிஸ் சரியான பெயரில்தான் கடிதம் அனுப்பியிருப்பார். அந்தக் கடிதம் அங்கே போய், அப்படி ஒரு மாணவி இல்லை என்று எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்கும்.

உடனே அவளுக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. பிரதியை மூடினேன். இரண்டு நாள் சும்மா இருந்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை, திகதியும் முடிந்துவிட்டது, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்கு வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். "உனக்கு என்ன, காய்ச்சலா?" என்று என் கணவர் கேட்டார். சொன்னேன். "அந்தப் புள்ள இப்ப மிஸ்ஸத்தானே பிழையா நினைச்சுக் கொண்டிருக்கும்" என்றார் அவர். அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை கடையைத் திறக்காமல் களுவாஞ்சிக்குடிக்குப் பஸ் ஏறினேன். இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாவிப் பக்கம் பார்த்தால் எங்கே வாவி முடிந்து எங்கே நிலம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி தண்ணீர் நின்றது. பஸ் மெதுவாகத்தான் போனது.

வீட்டில் தாய்தான் முதலில் கண்டார். "கடைக்கார அக்காவா? வாங்க தங்கச்சி, உள்ளுக்கு வாங்க, நனையிறீங்க" என்று துவாய் கொண்டுவந்து தந்தார். நான் வந்ததைப் பெருமையாக நினைத்துத் தேநீர் வைக்கப் போனார். அந்தத் தேநீர் வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவதி. பிள்ளை அறையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மிஸ் மறக்கல்ல" என்றேன். "நான்தான் உன்ட பேரப் பிழையாப் போட்டிட்டன்."

பையிலிருந்து பிரதியை எடுத்துக் காட்டினேன். அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே வந்த தாய் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல நினைத்தேன். "மூணு நாளா" என்றேன்.

அவளுடைய முகம் அப்போதுதான் மாறியது. "மூணு நாளா மிஸ்ஸ மனசுக்குள்ள ஏசிக்கொண்டு திரியிறன் அக்கா. நேத்து எதிர வந்தாங்க. பாக்காத மாதிரிப் போயிட்டன்." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

தாய் கோப்பையை என் கையில் தந்தார். "குடிங்க தங்கச்சி, ஆறப் போகுது. பிழை எல்லாரும் விடுறதுதான்" என்றார். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த நிலையத்துக்கு எழுதிப் பார்ப்போம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். கெஞ்சுகிற மாதிரி இருக்குமாம். "நீ எழுத வேணாம். பிழை விட்டவள் நான், நான் எழுதுறன்" என்றேன். அவள் எழுந்து போய்த் தன் பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கடைக்குத் திரும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். நான் இங்கே கடை வைத்திருப்பவள், இந்த மாணவியின் விண்ணப்பத்தை நிரப்பியது நான், எங்கள் பெயர்கள் இப்படி வரும், நான் மாற்றிப் போட்டுவிட்டேன், இதில் மாணவியின் தவறோ விரிவுரையாளரின் தவறோ இல்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் இணைத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் பதில் வந்தது. கடிதம் உரிய நாளிலேயே வந்திருக்கிறது, பெயர் பொருந்தாமல் தனியாக நின்றிருக்கிறது, விண்ணப்பத்தை மீண்டும் சேர்த்துக்கொண்டோம் என்று இருந்தது. கடைசியில், விளக்கியதற்கு நன்றி, எங்கள் விண்ணப்பப் படிவத்தையும் மாற்ற யோசிக்கிறோம் என்று ஒரு வரி. யார் எழுதினாரோ தெரியாது. அவருக்காக அந்த ஞாயிறு தேவாலயத்தில் மன்றாடினேன்.

மார்கழியில் என் கடையிலேயே, கணினி வழியாக நேர்முகம் நடந்தது. இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு நான் வெளியே நின்றேன். ஹோன் அடித்துக்கொண்டு வந்த முச்சக்கரவண்டிக்காரர்களுக்கு வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர்களில் ஒருவர், "உள்ளுக்கு என்ன, பிள்ளைப்பேறா?" என்று கேட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து அவள் குனிந்து வெளியே வந்தாள்.

"அந்தக் கொப்பியப் பத்தித்தான்கா கேட்டுக்கொண்டே இருந்தாங்க. அரைவாசி நேரம் அதுதான்."

ஆனால் அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள், யாரும் விலகவில்லை. என்னுடைய பிழையால் நாள் கடந்ததுதான் காரணமா, இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்குமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவளிடம் ஒரு தடவை கேட்டேன். "தெரியாதத யோசிச்சு என்ன அக்கா" என்றாள். அது மன்னிப்பா, இல்லையா என்றும் தெரியவில்லை.

நேர்முகத்துக்கு முன்பே அவள் மிஸ்ஸிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தாள், பார்க்காத மாதிரிப் போனதையும் சேர்த்து. மிஸ் சிரித்துவிட்டு, "நான் கண்டனான். ஏதோ வீட்டுப் பிரச்சினை எண்டு நினைச்சன்" என்றாராம். அந்த மிஸ்ஸின் முயற்சியால் கொழும்பில் ஒரு வானிலை அலுவலகத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அவள் தூரத்து உறவு வீடு ஒன்றில் தங்கி, மழைமானி வாசிக்கவும், அறிவித்தல் தயாரிப்பதைப் பார்க்கவும் பழகினாள். சிங்களம் தெரியாமல் முதல் இரண்டு கிழமை ஊமை போல இருந்தேன் என்று சொன்னாள். திரும்பி வரும்போது பஸ் நடத்துனரோடு சண்டை பிடிக்கிற அளவுக்குச் சிங்களம் கதைத்தாள்.

அடுத்த வருடம் அதே நிலையத்துக்கு மறுபடி விண்ணப்பித்தாள். என் கடையில்தான், ஆனால் விசைப்பலகையை என்னிடம் தரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனியில் சம்மதக் கடிதம் வந்தது. தகப்பனும் அத்தானும் ஒரே வாகனத்தில் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். வழி முழுவதும் இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்று தாய் சொன்னார். ஆனால் அக்கா பின் இருக்கையில் தங்கச்சியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாளாம்.

கப்பலில் ஏறிய கிழமை எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். பின்னால் இயந்திரச் சத்தம்.

"அக்கா, மூணு நாளா ஒரே சத்தி, ஓங்காளம். ஒரு சோறும் உள்ளுக்குப் போகல்ல. அம்மாட்டச் சொல்லிராதிங்க. இண்டைக்குத்தான் எழும்பி நிக்கிறன். இப்ப ஒரு கருவி இறக்கினோம், கடலுக்குள்ள ஆழத்துக்குப் போய் உப்பு, சூடு எல்லாம் அளந்து கொண்டு வரும். கயிறு புடிச்சது நான்தான் அக்கா. நான்தான் புடிச்சன்."

ஏறாவூரிலிருந்து வந்த ஒருவருக்குப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். செய்தியை இரண்டாம் தடவை போட்டுக் கேட்டேன். "யார், மகளா?" என்று கேட்டார் அவர். "இல்ல, கடைக்கு வாற பிள்ளை" என்றேன்.

இப்போது அவள் பட்டம் முடித்து, மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு இடத்தில் இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவதிலிருந்து இன்னும் பதில் இல்லை. அவள் சொல்லிக் கேட்டு வேறு பிள்ளைகளும் கடைக்கு வருகிறார்கள். போன கிழமை ஒரு பிள்ளை, புயல் எப்படி உருவாகிறது என்று படிக்க வேண்டும், எங்கே தேடுவது என்று கேட்டு வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டேன். இருவரும் தேடத் தொடங்கினோம்.